கூட்டவிழ்ப்பு – புதிரைச் சேர்ந்து விடுவிப்பதற்கு ஒரு கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

புதிரைப் பலர் சேர்ந்து விடுவிப்பதற்குச் சொல் தேடும் இந்த இழையில் நல்ல சொற்கள் பல வந்துவிட்டன. அவற்றைப் பற்றி என் கருத்தையும், கடைசியாக என் முன்மொழிவையும் வைக்கிறேன். எதற்குச் சொல் தேடுகிறோம் என்பதில்தான் நமக்குள் பாதிப் பிணக்கு என்பதால் முதலில் அதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இணையத்தில் பலர் ஒரே விடுகதையையோ எழுத்துக் கட்டத்தையோ (குறுக்கெழுத்துப் புதிரையோ) எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் கண்ட துண்டை இன்னொருவர் பிடித்துக்கொண்டு மேலே போகிறார். அவர் நின்ற இடத்திலிருந்து மூன்றாமவர் தொடர்கிறார். முடிவில் கிடைக்கும் விடை இன்னாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த விடைக்கு 'விடை' என்ற சொல்லே போதும். அதை நோக்கிச் செய்யும் கூட்டு வேலைக்குத்தான் பெயர் இல்லை.

> 'கூட்டுத் தீர்வு' போதுமே ஐயா, எல்லோருக்கும் உடனே புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். இரு தரப்பு சண்டையிட்டு ஒத்துவந்தால் அது கூட்டுத் தீர்வு. புதிரில் தரப்புகள் இல்லை. தவிர, 'தீர்வு' முடிந்துபோன ஒன்றின் பெயர்; நமக்கு வேண்டியது நடந்துகொண்டிருக்கும் செயலின் பெயர். 'தீர்ப்பு' என்று மாற்றினால் நீதிமன்றத்துக்குள் போய்விடுவோம்.

> விடுகதைக்கு உரிய வினை 'விடுவி'. அதை விட்டு ஏன் வேறு வினை தேட வேண்டும்?

இந்தக் கேள்வி நியாயமானது. வாக்கியத்தில் 'சேர்ந்து விடுவித்தோம்' என்று எழுதுவதை யாரும் மாற்ற வேண்டாம், அழகாகவே இருக்கிறது. சிக்கல் பெயர்ச்சொல்லில்தான். 'கூட்டு விடுப்பு' என்றால் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே நாளில் எடுக்கும் விடுப்பு. 'கூட்டு விடுதலை', 'கூட்டு விடுவிப்பு' இரண்டும் சிறையிலிருந்தோ பிணையிலிருந்தோ ஆட்களை வெளியே கொண்டுவருவதாக ஒலிக்கின்றன. விடுகதையைத் தெற்கே 'அழிப்பாங்கதை' என்று வழங்குவதை நினைவூட்டிய நண்பருக்கு நன்றி. 'கதையை அழி' என்ற வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதிலிருந்து 'கூட்டழிப்பு' என்று ஒரு சொல் பிறந்தால் அதைத் தலைப்பில் பார்ப்பவர் என்ன நினைப்பார்? அது கூடவே கூடாது.

விடுகதைக்குப் பழைய பெயரான 'பிசி' பற்றியும் பேச்சு வந்தது. தொல்காப்பியம் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் ஆகியவற்றோடு பிசியையும் சேர்த்து எண்ணுகிறது. ஒப்புமையால் அமைவது, ஒன்றைச் சொல்லி மற்றொன்று தோன்ற வைப்பது என்று பிசியை இரண்டாகப் பிரித்தும் காட்டுகிறது. இன்றைய புதிர்க் குறிப்புகளையும் ஏறக்குறைய இந்த இரண்டு பெட்டிகளுக்குள் அடக்கிவிடலாம் என்பது வியப்பாக இருக்கிறது. இருந்தாலும் பிசி என்பது புதிரின் பெயர், விடுவிக்கும் செயலின் பெயர் அன்று. எழுத்துக் கட்டத்தை அது தொடவும் இல்லை. 'கூட்டுப்பிசி' என்று எழுதினால் 'பிஸி' என்ற கடன்சொல் வேறு குறுக்கே வரும்.

என் முன்மொழிவு: கூட்டவிழ்ப்பு.

கூட்டு + அவிழ்ப்பு. 'அவிழ்க்க முடியாத புதிர்', 'முடிச்சு அவிழ்ந்தது' என்றெல்லாம் ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். எனவே வினை புதிதன்று. தன்வினை, பிறவினை இரண்டும் கைவசம் இருப்பது இதன் பெரிய வசதி. புதிர் அவிழ்கிறது, நாம் அவிழ்க்கிறோம். கூட்டாகச் செய்யும்போது பல நேரம் யாரும் அவிழ்த்ததாகவே தெரியாது, தானாக அவிழ்ந்ததுபோல இருக்கும். அதைச் சொல்ல வினையிலேயே இடம் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். குறிப்பு: 'படித்தால் சுவைக்கும், தலை கொய்தால் முளைக்கும்.' மூன்று எழுத்து. ஒருவர், 'தலை கொய்தல் என்றால் முதலெழுத்தை நீக்கச் சொல்கிறார்கள், பூவைத் தேடாதீர்கள்' என்கிறார். அவருக்கு விடை தெரியாது, குறிப்பின் வேலைப்பாடு மட்டும் தெரிகிறது. இன்னொருவர், 'முளைப்பது விதையாக இருக்கலாம், இரண்டெழுத்து சரியாக வருகிறது' என்கிறார். மூன்றாமவர் இந்தக் குறிப்பைப் பார்க்கவே இல்லை. மேலிருந்து கீழாக 'நகரம்' என்று நிரப்பிவிட்டு நகர்ந்துவிட்டார். அதன் 'க' இந்தச் சொல்லின் முதல் கட்டத்தில் விழுந்திருக்கிறது. கவிதை. இதைக் கண்டவர் யார்? மூவரில் எவரையும் தனியாகக் காட்ட முடியாது. 'கூட்டுத் தீர்வு' இந்த நிலைமையைச் சொல்லவில்லை, 'கூட்டவிழ்ப்பு' சொல்கிறது என்பது என் எண்ணம்.

> கிரவுட்சோர்சிங் என்பதும் இதுதானே? அதற்கு ஒரு சொல் அமைந்தால் இதற்கும் அதுவே ஆகும்.

இல்லை, இந்த வேறுபாடு முக்கியம். கிரவுட்சோர்சிங் என்பது ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பலரிடம் கொடுத்துச் செய்விப்பது. ஆயிரம் பேரிடம் ஆளுக்கொரு பக்கம் கொடுத்துத் தட்டச்சு செய்ய வைத்தால் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே தேவையில்லை. அங்கே வேலை கூட்டப்படுகிறது. புதிரில் ஒருவர் கண்டது அடுத்தவருக்குக் குறிப்பாக மாறுகிறது. 'சோடியாக்' என்ற பெயரில் கடிதம் எழுதிய அமெரிக்கத் தொடர் கொலையாளி 1969 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகைக்கு அனுப்பிய 340 குறிகள் கொண்ட மறையெழுத்தை (குறிகளால் மறைத்து எழுதிய செய்தியை) எடுத்துக்கொள்ளுங்கள். 17 பத்தி, 20 வரிசை. அதுவும் ஓர் எழுத்துக் கட்டம்தான். 51 ஆண்டுகள் அது அவிழவில்லை. அமெரிக்காவின் டேவிட் ஓரன்சாக், ஆஸ்திரேலியாவின் சாம் பிளேக், பெல்ஜியத்தின் ஜார்ல் வான் ஐக் மூவரும் சேர்ந்து 2020 டிசம்பரில் அவிழ்த்தார்கள். கட்டத்தை எந்தெந்த வழியில் படிக்கலாம் என்று லட்சக்கணக்கான வரிசைகளைக் கணக்கிட்டுக் கொடுத்தவர் பிளேக். அவற்றைச் சோதிக்கும் மென்பொருள் வான் ஐக் எழுதியது. அதில் ஓட்டிப் பார்த்து, குப்பைக்கு நடுவே பொருள் தரும் சில சொற்றொடர்கள் தலைகாட்டுவதைக் கவனித்தவர் ஓரன்சாக். கட்டத்தை நேராகப் படிக்கக் கூடாது, சாய்வாக இறங்கிப் படிக்க வேண்டும் என்பது அதன் பிறகுதான் உறுதியானது. மூன்றில் எது குறைந்திருந்தாலும் மற்ற இரண்டும் அப்படியே நின்றிருக்கும்.

அதே ஆளின் முந்தைய மறையெழுத்தை 1969 ஆகஸ்டில் ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும் சில நாட்களில் அவிழ்த்தார்கள். ஆகவே கூட்டவிழ்ப்புக்குப் பெருங்கூட்டம் தேவையில்லை, இருவர் போதும். சொல்லில் 'கூட்டம்' இல்லாமல் 'கூட்டு' இருப்பதை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பிரித்துப் படிக்கும்போது 'கூட்ட + அவிழ்ப்பு' என்று தோன்றலாமே என்ற தயக்கத்துக்கு விடை: குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்த 'கூட்டாட்சி', 'கூட்டுறவு' ஆகியவற்றை நாம் தடுமாறாமல் படிக்கிறோம். இதுவும் பழகிவிடும்.

இனி எழுத்துக் கட்டத்துக்கு வருகிறேன். தமிழில் கூட்டவிழ்ப்பு ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது அங்கேதான் தெரியும். இரண்டு சொற்கள் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில் இருக்கும் எழுத்துக்குப் 'பொதுவெழுத்து' என்று பெயர் வைக்கலாம். ('குறுக்கெழுத்து' என்பதுதான் நேர்ப்பொருள் தரும் சொல், ஆனால் அது புதிருக்கே பெயராகிவிட்டது.) ஆங்கிலத்தில் ஒரு பொதுவெழுத்து 26இல் ஒன்று. நமக்கு அது 247இல் ஒன்று. அதைவிட, அந்த எழுத்தின் இனமே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. அளபெடையை ஒதுக்கிவிட்டால் உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும். ஒரு பொதுக்கட்டத்தில் 'அ' விழுந்தால் இரண்டு சொற்களும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. நம் வார இதழ்களின் கட்டங்களில் வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் சொற்கள் ஓடும் வழக்கம் உண்டு. அங்கே இது திசையையே காட்டிக்கொடுத்துவிடும். மெய் இதற்கு எதிர். அதில் எந்தச் சொல்லும் தொடங்காது. 'ங்' விழுந்தால் அடுத்த கட்டம் க வரிசை என்று அனேகமாக உறுதி. இங்ஙனம், அங்ஙனம் போன்ற சில சொற்கள்தான் விலக்கு. 'ற்' விழுந்தால் பின்னால் க, ச, ப, ற வரிசைகளுக்குள் பார்த்தால் போதும். எழுத்திலக்கணம் நன்றாகத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால், ஒரு குறிப்பைக்கூட அவிழ்க்காமல் மற்றவர்களுக்குப் பாதி வழியைத் திறந்து வைப்பார். இந்த வகை உதவியை நாம் போதிய அளவு மதிப்பதில்லை.

ஒற்றுக்குத் தனிக் கட்டம் தருவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில் எழுத்தெண்ணும்போது ஒற்றை விட்டுவிடுகிறோம். கட்டப் புதிரில் விடுவதில்லை. இரண்டும் வெவ்வேறு மரபு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உண்மையான இடையூறு மென்பொருளில் இருக்கிறது. பலர் ஒரே நேரத்தில் நிரப்பும் கட்டங்களைத் தரும் தளங்களில் பல, ஒரு கட்டத்துக்கு ஒரு குறியெண் (கணினி ஒரு குறிக்கு வைத்திருக்கும் எண்) என்று எண்ணிக்கொள்கின்றன. யூனிகோடில் 'வி' என்பது வ, பிறகு கொக்கி என இரண்டு குறியெண்கள். 'விகடகவி' நமக்கு ஐந்தெழுத்து, கணினிக்கு ஏழு. நாம் திருப்பிப் படித்தால் அதே விகடகவி. கணினி குறியெண்களைத் திருப்பினால் முதலில் ஓர் அநாதைக் கொக்கி, கடைசியில் 'கிவ'. சம்பந்தர் 'யாமாமாநீ யாமாமா' என்று, திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றுப் பாடிய மொழியில் இந்தப் பிழையைச் சகித்துக்கொள்ளக் கூடாது. கட்டம் அமைக்கும் நண்பர்கள் குறியெண்ணை அலகாகக் கொள்ளாமல் எழுத்தை அலகாகக் கொள்ள வேண்டும் என்பதை இந்தக் கலைச்சொல் பட்டியலின் முகப்பிலேயே எழுதிவைக்கலாம்.

ஒரு கலைச்சொல் நல்லதா என்பதை அதிலிருந்து கிளை விடுகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'அவிழ்ப்பர்' புதிரில் ஈடுபடுபவர். 'பாதியவிழ்ப்பு' வேலைப்பாடு தெரிந்தும் விடை தெரியாத நிலை. கணிதத்தில் 2009இல் கணிதவியலாளர் திமோத்தி கவர்ஸ் தொடங்கிய, பலர் இணையத்தில் சேர்ந்து கணக்கை ஆராயும் பாலிமேத் திட்டம் இந்தப் பாதியவிழ்ப்பை நம்பியே நடந்தது. முழு நிரூபணத்தோடு வராதீர்கள், தோன்றிய சிறு எண்ணத்தை அப்போதே எழுதுங்கள் என்பதே அதன் விதிகளின் சாரம். நம் குழுக்களில் நேர் எதிராக நடக்கிறது. முழு விடை கைக்கு வரும்வரை பலர் வாய் திறப்பதில்லை. 'பாதியவிழ்ப்பு' என்று ஒரு பெயர் இருந்தால், பாதியை முன்வைப்பதும் ஒரு பங்களிப்பு என்ற துணிவு வரும் என்று நம்புகிறேன்.

'ஸ்பாய்லர்' என்பதற்கு 'முன்னவிழ்ப்பு'. மற்றவர் கேட்பதற்கு முன்பே அவிழ்த்துப் போட்டுவிடுதல். 'கெடுப்பான்' என்று ஒருவர் எழுதியிருந்தார்; அது ஆளைத் திட்டுவதுபோல இருக்கிறது. பெரும்பாலும் ஆர்வத்தில் நடப்பது அது, கெட்ட எண்ணம் இருப்பதில்லை. முன்னவிழ்ப்பைத் தவிர்க்க ஆங்கிலக் குழுக்களில் விடையின் ஒவ்வோர் எழுத்தையும் 13 இடம் தள்ளி எழுதுவார்கள். 26இல் பாதி 13 என்பதால் இன்னொரு முறை தள்ளினால் பழைய எழுத்தே வந்துவிடும். நமக்கு மெய் 18, பாதி 9. உயிரைத் தொடாமல் மெய்யை மட்டும் ஒன்பது இடம் தள்ளுங்கள்: க–ம, ங–ய, ச–ர, ஞ–ல, ட–வ, ண–ழ, த–ள, ந–ற, ப–ன என்று இணை இணையாக இடம் மாறும். 'கவிதை' என்பது 'மடிளை' ஆகும். மடிளையை மறுபடி தள்ளினால் கவிதை. கிரந்த எழுத்துகளை அப்படியே விட்டுவிடலாம். கையாலேயே செய்யக்கூடிய அளவுக்கு எளிது. இதற்கு 'ஒன்பதாம் நகர்த்தல்' என்று பெயர் வைத்து, விடையெழுதும் எல்லோரும் பின்பற்றலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

'அவிழ்' என்றால் ஆடை நினைவுக்கு வருகிறது, வேண்டாம் என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். அவர் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் மொட்டும் அவிழ்கிறது, முடிச்சும் அவிழ்கிறது. புதிருக்குப் பக்கத்தில் வரும்போது அந்தப் பொருள்தான் முந்தும் என்று நினைக்கிறேன்.

இன்னும் அமையாத சொல் ஒன்று உண்டு. 1981 முதல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் புதிர் வேட்டையில், பல புதிர்களின் விடைகளே சேர்ந்து இன்னொரு பெரிய புதிராகும். வேட்டையில் வென்ற குழுதான் அடுத்த ஆண்டுப் புதிர்களை எழுதும். அந்தப் பெரிய புதிரை 'மெட்டா' என்கிறார்கள். 'மேற்புதிர்' என்றால் மேலே அச்சிட்ட புதிர் என்று ஆகிவிடுகிறது. 'முடிபுதிர்' வினைத்தொகையாக நன்றாக இருக்கிறது, ஆனால் பலர் ஒற்றுச் சேர்த்து 'முடிப்புதிர்' என்று எழுதித் தலைமுடிப் புதிராக்கிவிடுவார்கள். இப்போதைக்கு 'தொகைப்புதிர்' என்பதன் பக்கம் சாய்கிறேன். விடைகளைத் தொகுத்தால் கிடைப்பது என்ற பொருள் அதில் இருக்கிறது. புதிர் வேட்டைகளில் கலந்துகொண்டவர்கள் இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் சொல்ல முடியுமா?

அன்புடன்.