நாங்கள் மட்டுமோ, அம்மா?

கொக்குவிலிலிருந்து, மூன்று பிள்ளைகளின் அம்மா:

எங்கள் வீட்டில் ஏழு பேர். மாமா, மாமி, நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. கடைக்குட்டிக்கு 3 வயது, அவன் பின்னால் ஓடவே ஒரு ஆள் வேண்டும். நடுவிலாள் தரம் 5, புலமைப்பரிசில் வகுப்பு. அவளால் ஒரு கரைச்சலும் இல்லை. அதனாலேயே அவள் என் கண்ணில் படாமல் போனாள். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு நோகிறது.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, ரியூசன் இல்லாத பின்னேரம், "வா, சந்தைக்குப் போவம்" என்று கூப்பிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்தவள் படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நாங்கள் மட்டுமோ?"

"ஓம்."

"தம்பி வரேல்லையோ?"

"இல்லை."

அதற்குப் பிறகும் ஸ்கூட்டியில் ஏறாமல் கொஞ்ச நேரம் நின்றாள், யாராவது ஓடி வந்து ஏறிவிடுவார்கள் என்பதுபோல.

திருநெல்வேலிச் சந்தையில் பையை அவளிடம் கொடுத்து, முருங்கைக்காயைத் தெரிந்தெடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு காயாக முறுக்கிப் பார்த்தாள். வீட்டில் வாயே திறக்காத பிள்ளை, "முத்தல் வேண்டாம் ஆச்சி" என்று சந்தைக்கார ஆச்சியிடம் சொன்னாள். அன்றைக்கு வேறொன்றும் கதைக்கவில்லை. அடுத்த சனியும் அப்படித்தான். மூன்றாவது சனி, திரும்பி வரும் வழியில், பின்னுக்கு இருந்து என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, நான் சின்னனிலை எப்பிடி இருந்தனான்?"

மூத்தவன் நடை பழகிய கதை, விழுந்த கதை, முதல் சொன்ன சொல் எல்லாம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். கடைக்குட்டியின் கதை தினமும் கண்முன்னே நடக்கிறது. இவளுக்குத்தான் கதை இல்லை. ஸ்கூட்டியை ஒரு வேலிக்கரையில் நிறுத்தினேன். நீ தொட்டிலில் படுக்கமாட்டாய், அம்மம்மாவின் பச்சை நூல் சேலையில் ஏணை கட்டினால்தான் உனக்கு நித்திரை, கறண்ட் போன இரவுகளில் அப்பா ஒரு கையால் ஏணையை ஆட்டி மறு கையால் பனையோலை விசிறியால் விசிறுவார் என்று சொன்னேன்.

"அந்தச் சேலை இப்ப எங்கை?"

அலுமாரியில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தாள், மணந்து பார்த்தாள், திரும்ப மடித்துத் தன் தலையணைக்குக் கீழே வைத்தாள். அடுத்த சனி அதே கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். நான் விசிறியை மறந்துவிட்டேன். அவள்தான் நினைவுபடுத்தினாள்.

எதிரே இருத்தி வைத்து "என்ன பிரச்சினை, சொல்லு" என்றால் பிள்ளை சொல்லாது. கைக்கு ஒரு வேலை இருக்கவேண்டும், முகம் பார்த்துத்தான் கதைக்கவேண்டும் என்றும் இருக்கக்கூடாது. எனக்கு இதுதான் விளங்கியது.

நல்லூரிலிருந்து:

நல்லூர்க் கந்தன் திருவிழாக் காலத்தில் 25 நாளும் எங்கள் வீடு நிறையச் சொந்தக்காரர். அப்போது மகளுக்கும் எனக்கும் கிடைப்பது கிணற்றடியில் அவளுக்குத் தலை தோயவார்க்கும் பத்து நிமிடம்தான். போனைக் குசினியில் வைத்துவிட்டுப் போவேன். கூப்பிடுகிறவர்கள் பத்து நிமிடம் பொறுக்கலாம்.

மானிப்பாயிலிருந்து, ஒரு அப்பா:

சனிக்கிழமைச் சந்தைக் கதையை வாசித்ததும் என் மகனைத்தான் நினைத்தேன். 14 வயது. எனக்குக் கடை. காலை ஆறரைக்குத் திறந்தால் இரவு எட்டு மணிக்குத்தான் பூட்டு. முதல் தடவை அவனைத் தனியே பண்ணைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், கடலைப் பார்த்துக்கொண்டு இருந்து, கணக்குப் பாடத்து மார்க்ஸைக் கேட்டேன். பெரிய பிழை. கச்சானைக் கொறித்துக்கொண்டு "ஓம்", "இல்லை" என்று மட்டும் சொன்னான்.

பிறகு ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை நாள் மோட்டார்சைக்கிளில் காரைநகர் போய், பாதையில் ஏறி ஊர்காவற்றுறைக்குக் கடந்தோம். சனமும் சைக்கிளும் ஒன்றாய் ஏறும் மிதவைக்குத்தான் நாங்கள் பாதை என்கிறோம். இந்தமுறை நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன்தான் கேட்டான்: "அப்பா, நீங்கள் என்ர வயசிலை என்ன செய்துகொண்டு இருந்தனீங்கள்?"

எனக்கு 14 வயது 1995இல். ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனமே வெளிக்கிட்ட இடப்பெயர்வு. மழை. ஹாண்டிலில் அரிசிப் பை, கரியரில் தங்கச்சி. நாவற்குழிப் பாலத்தில் சைக்கிளை ஓட இடமில்லை, சனத்துக்குள் உருட்டிக்கொண்டு போனேன். தங்கச்சி நித்திரையாகி விழாமல் இருக்க அவளின் கையை என் பெல்ட்டோடு கட்டியிருந்தேன். மனைவிக்குக்கூட நான் இதை முழுதாய்ச் சொன்னதில்லை. அக்கரை வந்து, இறங்கி, வேலணைப் பக்கம் போகும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் குறுக்கே ஒரு சொல் சொல்லவில்லை. கடைசியில்தான், "தங்கச்சி எண்டா எங்கட மாமியோ?" என்றான்.

"ஓம், உன்ர மாமிதான்."

அன்றிரவு கனடாவில் இருக்கும் அவளுக்கு அவனே கோல் எடுத்தான்.

கொக்குவில் அம்மா மீண்டும்:

உங்கள் மகன் கோல் எடுத்ததை வாசித்து அழுதுவிட்டேன், அண்ணா. போன சனி நாங்கள் வெளிக்கிடும்போது மூத்தவன் புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தாமல், "எனக்கு எந்த நாள்?" என்றான். மீசை அரும்பிய பிள்ளை. அவனுக்கு இதெல்லாம் தேவைப்படாது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். புதன் பின்னேரம் என்றேன். சந்தையால் வந்து பார்த்தால், குசினிக் கலண்டரில் புதன்கிழமைகள் எல்லாவற்றிலும் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது.