ஹோட்டல் வாசலில் கார் சார்ஜர்: யார் யாரிடம் அனுமதி வாங்கணும்?

பைபாஸ்_ஹோட்டல்:
வணக்கம். உளுந்தூர்பேட்டை தாண்டி திருச்சி பைபாஸ் ஓரம் எங்கள் சைவ ஹோட்டல். எலெக்ட்ரிக் காரில் வருகிறவர்கள் இலை போடும் முன்பே சார்ஜர் இருக்கா என்று கேட்கிறார்கள். இரண்டு கன் (காரில் செருகும் பிளக்) உள்ள 60 கிலோவாட் டிசி சார்ஜர், அதாவது வேக சார்ஜர் ஒன்றை, மேலே தகரக் கூரை போட்டு வைக்க ஆசை. ஒரு ஏஜென்ட், “கரண்ட் விற்க லைசென்ஸ் வேணும், நான் வாங்கித் தரேன்” என்று பெரிய தொகை கேட்கிறார். நிஜமாகவே வேணுமா?

விழுப்புரம்_கான்ட்ராக்டர்:
அண்ணே, அந்த ஆளிடம் ஒரு பைசா கொடுக்காதீங்க. சார்ஜ் போடுவது கரண்ட் விற்பனை இல்லை, சேவைதான், அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது.

உங்களுக்கு வேண்டியது தனி சர்வீஸ், அதாவது தனி மின் இணைப்பு. ஹோட்டல் மீட்டரிலிருந்து இழுக்கவே கூடாது. சார்ஜருக்கென்று தனி இணைப்பு கேட்கலாம் என்று மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 திருத்தம் சொல்கிறது. கிராமப்புறத்தில் முழு விண்ணப்பம் கொடுத்த 15 நாளில் தர வேண்டும். ஆனால் லைன் நீட்டவோ, புது டிரான்ஸ்பார்மர் வைக்கவோ வேண்டியிருந்தால் இந்தக் கெடு பொருந்தாது. அதனால் சார்ஜருக்கு அட்வான்ஸ் கட்டும் முன்பே இ.பி. ஆபீசில் ஏ.இ.யை (உதவிப் பொறியாளர்) பாருங்க. பக்கத்து வயல் பம்புசெட் எல்லாம் ஓடும் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர்தான் உங்களுக்கும் என்றால், இன்னொரு 60 கிலோவாட் அதில் ஏறுவது கஷ்டம்.

அப்புறம் அந்தக் கூரை. சார்ஜரை வெறும் மேடையில் வைப்பது வேறு, கூரை போடுவது வேறு. கூரை என்றால் கட்டடக் கணக்கில் வந்து திட்ட அனுமதி (கட்டடம் கட்ட வாங்கும் அனுமதி) பேச்சு வரும். அதுவும் தேசிய நெடுஞ்சாலை. ஊருக்கு வெளியே சாலையின் நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டருக்குள் பொதுவாகக் கட்டடம் கூடாது. வண்டி உள்ளே வரும் வழிக்கு தேசிய நெடுஞ்சாலை ஆணைய அனுமதி இருக்கா? அந்தத் தாளை முதலில் தேடி எடுங்க.

பைபாஸ்_ஹோட்டல்:
ரொம்ப நன்றி தம்பி. கூரை இல்லாவிட்டால் மழையில் என்ன ஆகும்?

விழுப்புரம்_கான்ட்ராக்டர்:
திறந்தவெளிக்கென்றே செய்த மாடல் வாங்குங்க, மழை தாங்கும். தண்ணீர் தேங்காதபடி மேடையை உயர்த்தி, எர்த்திங்கைச் சரியாகப் போட்டால் போதும். எர்த்திங்கில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க, ஜனங்க கையில் பிடிக்கிற சாமான் அது.

தாம்பரம்_ஈவி:
ஓட்டுகிறவன் பக்கமிருந்து ஒன்று. 60 கிலோவாட்டில் இரண்டு கார் ஒன்றாக நின்றால் பெரும்பாலும் ஆளுக்கு 30தான். போர்டில் அதை எழுதிவிடுங்க சார், சண்டை வராது.