பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் தொடங்கலாமா, வெளியில் பார்க்கலாமா?

மழைத்துளி:
நான் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. மூன்று மாதமாகச் சரியான உறக்கமில்லை. ஆய்வேட்டுக் கோப்பைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. சென்ற வாரம் பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்குச் சென்றேன். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் தூக்கம் கெட்டது, எத்தனை நாள் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தது என ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். பிறகு ஆலோசகர் ஒருவர் குடும்பம், படிப்பு, பழைய சிகிச்சை, குடிப்பழக்கம் என்று வரிசையாகக் கேட்டுக் கணினியில் தட்டிக்கொண்டே இருந்தார். மேசையில் டிஷ்யூ பெட்டி இருந்தது. அதைத் தொடக்கூட இடைவெளி கிடைக்கவில்லை. அடுத்த அமர்வு 18 நாள் கழித்து. இதைத் தொடரலாமா, வெளியில் ஒருவரைப் பார்ப்பது நல்லதா?

கதிரோன்:
வெளியில் பாருங்கள். அந்த ஆலோசகருக்குச் சம்பளம் தருவது பல்கலைக்கழகம். உங்கள் சிக்கல் ஆய்வு நெறியாளரோடு தொடர்புடையதாக இருந்தால், அவர் யார் பக்கம் நிற்பார் என்று யோசியுங்கள். மேலும், இத்தகைய மையங்கள் பலவற்றில் அமர்வுகளுக்கு வரம்பு உண்டு. நான் படித்த இடத்தில் ஆறு. ஐந்தாவது அமர்வில்தான் அப்பாவின் மரணத்தைப் பற்றி முதன்முறையாக வாய் திறந்தேன். ஆறாவதில் ஆலோசகர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வெளி மருத்துவர்களின் தொலைபேசி எண்கள் அச்சிட்ட தாள் ஒன்றை நீட்டினார். மூவரை அழைத்தேன், மூவருமே புதியவர்களை ஏற்பதில்லை என்றார்கள்.

செம்பருத்தி:
இத்தகைய மையம் ஒன்றில் இரண்டாண்டு பயிற்சி ஆலோசகராக இருந்தவள் என்ற முறையில் கதிரோனோடு முரண்படுகிறேன். மழைத்துளி, நீங்கள் கண்டது ஆலோசனையே அல்ல. ‘இன்டேக்’ எனப்படும் அந்த முதல் சந்திப்பு, யாரை இன்றே பார்க்க வேண்டும், யாருக்குக் குழு அமர்வு போதும், யாரை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று பிரித்தறிவதற்கானது; அதை வைத்து ஆலோசனையை எடைபோடுவது, மருத்துவமனைப் பதிவுச் சீட்டை வைத்து மருத்துவரை எடைபோடுவது போலாகும். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அந்தப் படிவம் மனச்சோர்வை அளவிடும் பிஹெச்கியூ-9 ஆக இருக்கலாம். கேள்விக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10ஐ எட்டினால் கூடுதல் கவனம் தேவை என்று கொள்வார்கள். நோய் என்று முத்திரை குத்துவதில்லை. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணங்களையும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணங்களையும் கேட்கிறது. அதில் பூஜ்யம் தவிர வேறெதைக் குறித்தாலும் விரிவாக விசாரிக்க வேண்டும். அந்த மாணவரை 18 நாள் காக்க வைப்பது முறையல்ல.

நெறியாளர் கேட்டால், உங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் இல்லாமல் நீங்கள் வந்தீர்களா இல்லையா என்பதைக்கூட மையம் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து, குழந்தை வதை, நீதிமன்ற ஆணை போன்றவையே விதிவிலக்குகள்.

கதிரோன்:
விதிவிலக்கு என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். 1969இல் அமெரிக்காவின் பெர்க்லியில் மாணவர் ஒருவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகப் பல்கலைக்கழக உளவியலாளரிடம் சொல்லியிருந்தார், பின்னர் கொன்றும்விட்டார். கொல்லப்பட்டவர் பெயரால் அறியப்படும் அந்த டாரசாஃப் வழக்கில்தான், ஆபத்திலிருப்பவரைக் காக்கச் சிகிச்சையாளர் தக்க நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழக அறையின் சுவருக்குக் காது உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

செம்பருத்தி:
அந்தத் தீர்ப்பு உங்கள் வாதத்தையே கவிழ்க்கிறது. அது பல்கலைக்கழக ஆலோசகரை மட்டுமல்ல, கட்டணம் வாங்கும் தனிச் சிகிச்சையாளரையும் கட்டுப்படுத்துகிறது. எனவே வெளியில் போனாலும் அந்த விதிவிலக்கு கூடவே வரும். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: துறையே கட்டாயப்படுத்தி அனுப்பினால், வருகை பற்றிய அறிக்கை திரும்பிப் போகலாம். அப்போது என்ன எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே கேட்பது அவசியம். மழைத்துளி தானாகப் போனவர்.

வரம்பைப் பொறுத்தவரை, உளவியலாளர் ஹோவர்டும் அவருடைய சகாக்களும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு அமர்வுகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேரும், 26 அமர்வுகளுக்குள் முக்கால்வாசிப் பேரும் அளவிடத்தக்க முன்னேற்றம் கண்டிருந்தார்கள். ஆகவே ஆறோ எட்டோ வீண் அல்ல.

கதிரோன்:
மீதிப் பாதியில் நான் ஒருவன். வரம்பு இருப்பதில் எனக்குக் குறையில்லை. அதை முதல் நாளே சொல்லாததுதான் குறை. தெரிந்திருந்தால் அப்பாவைப் பற்றி இரண்டாவது அமர்விலேயே பேசியிருப்பேன், அல்லது அங்கே பேசாமலே இருந்திருப்பேன்.

செம்பருத்தி:
இதில் எனக்கு மறுப்பில்லை. எத்தனை அமர்வு, முடிந்தபின் யாரிடம் அனுப்புவீர்கள், அவர் உண்மையில் புதியவர்களை ஏற்கிறாரா என்று தொடக்கத்திலேயே கேட்கலாம். ஆலோசகரோடு ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றித் தரும்படியும் கேட்கலாம். அதற்காக வருந்தும் ஆலோசகர் தொழிலுக்கு ஏற்றவரல்ல.

மழைத்துளி:
இருவருக்கும் நன்றி. இன்று காலை மையத்தை அழைத்தேன். எட்டு அமர்வு என்றார்கள். அதன் பிறகு எங்கே என்று கேட்டதற்குத் தெளிவான பதில் இல்லை, எனவே கதிரோன் சொல்வதை மறக்கவில்லை. ஆனால் நான் அழைத்தது அதற்காக மட்டுமல்ல. அந்த ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் என்று குறித்திருந்தேன், அது உண்மையல்ல. அதைச் சொன்னதும் பணியிலிருந்த ஆலோசகரே தொலைபேசிக்கு வந்தார். இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா, அருகில் யார் இருக்கிறார்கள் என்று நிதானமாகக் கேட்டார். இன்று மாலை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அறைத்தோழி உடன் வருகிறாள்.