திருவிழாத் தொண்டர்களை வெள்ளப் பணிக்கும் பழக்கினால் என்ன?

முள்ளியவளையான்:
வைகாசி விசாகம் வந்தால் எங்கள் முல்லைத்தீவுப் பக்கம் யாரும் யாருக்கும் கட்டளை போடத் தேவையில்லை. சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுப்பதிலிருந்து, அந்த உப்புநீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரித்து, திங்கட்கிழமை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் பொங்கி முடிக்கும்வரை ஒவ்வொரு வேலைக்கும் ஆள் நிற்கும். தண்ணீர்ப் பந்தலில் நிற்பது, வாகனங்களை ஒழுங்குபடுத்துவது, தவறிப்போன பிள்ளையைத் தேடுவது, மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் ஊர்ப் பெடியள்தான். மாரியில் வெள்ளம் வந்தாலும் இதே பெடியளைத்தான் தேடுகிறோம். ஆகவே ஒவ்வொரு கோயில் சபையும் தன் தொண்டர்களுக்கு முதலுதவியும் வெள்ள மீட்பும் பழக்க வேண்டும், திருவிழாவுக்குச் சனம் தருகிற உபயக் காசில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்க வேண்டும் என்கிறேன். உங்கள் எண்ணம் என்ன?

கண்டாவளைக் கமக்காரன்:
தம்பி, கேட்க வடிவாகத்தான் இருக்கிறது. 2018 மார்கழியை மறந்துவிட்டீர்களா? திருத்தி முடித்த கிளிநொச்சி இரணைமடுக் குளத்தை அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஜனாதிபதி வந்து திறந்துவைத்தார். இரண்டு கிழமைக்குள் மழை கொட்டி, வான்கதவுகள் திறபட்டு, பன்னங்கண்டி, முரசுமோட்டை எல்லாம் தண்ணீருக்குள் போயின. அன்று ஆட்களுக்கா குறைவு? நேரத்தோடு ஒரு எச்சரிக்கை வந்திருந்தால் மாடுகளையாவது அவிழ்த்து விட்டிருப்போம். கதவை எப்போது திறப்பது என்ற முடிவு கோயில் தொண்டரின் கையில் இல்லை. சம்பளம் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியதை ஊர் ஒற்றுமை என்று பெயர் வைத்துப் பெடியளின் தலையில் கட்டாதீர்கள்.

தண்ணீரூற்று அக்கா:
கமக்கார அண்ணை சொல்வது குளத்துக்குச் சரி, பாம்புக்கடிக்குச் சரிவராது. சுவசெரிய 1990 அம்புலன்ஸ் வடக்குக்கு வந்தது 2018இல்தான். இலவசம், நல்ல சேவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் காட்டோரக் கிராமத்துக்கு அது வந்து சேரும்வரை கடிபட்டவரின் பக்கத்தில் நிற்பது அயலவர்தான். அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள், பிளேட்டால் கீறுகிறார்கள், விஷக்கல் தேடி ஓடுகிறார்கள். கண்ணாடிப் புடையன் பாம்பு கடித்த காலைக் கீறினால் இரத்தம் நிற்பதே கஷ்டம். கடிபட்டவரை நடக்க விடாமல், காலை அசைக்காமல், மோதிரம் கொலுசைக் கழற்றி, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதைப் பழக்க ஒரு பின்னேரம் போதும். பொங்கலுக்கு இரவிரவாக வெறுங்காலோடு சனம் நடக்கிற ஊரில் இதைக்கூடச் சொல்லிக்கொடுக்கக் கூடாதா?

கண்டாவளைக் கமக்காரன்:
முதலுதவி பழக்குவதை நான் எங்கே மறித்தேன், தங்கச்சி? 2016இல் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது தீயணைப்பு வாகனம் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டி இருந்தது. வாளியோடு நின்றவர்கள் நிறையப் பேர். கடைகள் சாம்பல். ஊர் அவ்வளவு சத்தம் போட்ட பிறகுதான் கிளிநொச்சிக்கென்று வாகனம் கிடைத்தது. 'எங்களிடம் தொண்டர் படை இருக்கிறது' என்று நாங்கள் பெருமை பேசிக்கொண்டிருந்தால் அதுவும் கிடைத்திராது.

ஒன்ராறியோ பேரன்:
நான் அனுப்புகிற காசு அம்மாளின் திருவிழாவுக்கு. அப்பம்மாவின் நேர்த்தி அது. அதை எடுத்து லைவ்ஜாக்கெட் வாங்கினால் அடுத்த வருடம் எத்தனை பேர் அனுப்புவார்கள்? வெள்ளத்துக்குத் தனியாகக் கேளுங்கள், தனியாகத் தருகிறோம். கணக்கும் தனியாகக் காட்டுங்கள்.

முள்ளியவளையான்:
வெடிக்கும் ஒலிபெருக்கிக்கும் போகிற காசைத்தான் சொன்னேன், அம்மாளின் காசை இல்லை. அம்மாளுக்கே அந்தச் சத்தம் பிடிக்குமோ தெரியாது. சரி, தனிக் கணக்கு என்பதை ஏற்கிறேன்.

கள்ளப்பாட்டுக் கடலோடி:
எல்லோரும் கோயில், சபை, உபயம் என்று கதைக்கிறீர்கள். வெள்ளம் வந்தால் உள்ளூருக்குப் படகு எங்கிருந்து வருகிறது? ரக்ரர் பெட்டியில் ஏற்றிக் கடற்கரையிலிருந்துதான். நாங்கள் பாதிப்பேர் மடுமாதா திருநாளுக்கு ஆவணியில் போகிற சனம். எந்தச் சபையிலும் எங்கள் பெயர் இல்லை, ஆனாலும் கூப்பிட்டால் வருகிறோம். வயலுக்குள் படகு ஓட்டினால் முள்ளுக்கம்பியும் அடிக்கட்டையும் படகின் பைபரைக் கிழிக்கும். எஞ்சின் விசிறி உடையும். அடுத்த நாள் எல்லோரும் நன்றி சொல்வார்கள், உடைந்த விசிறிக்கு ஒருவரும் காசு தர மாட்டார்கள். அதன்பிறகு ஒரு கிழமை தொழில் இல்லை. மனம் எங்களுக்கு இருக்கிறது, விசிறிக்கு மாற்று இல்லை.

மாங்குளம் வாத்தி:
கடலோடி தம்பி சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். சில கோயில்களில் யார் எந்த வேலை செய்யலாம் என்பது இன்றைக்கும் சாதி பார்த்துத்தான். பெண்களுக்கு அடுப்படி மட்டும். அந்தப் பட்டியலை அப்படியே மீட்புப் பணிக்குக் கொண்டுவந்தால் படகில் யாரை முதலில் ஏற்றுவது என்பதிலும் அது தலைகாட்டும். பெயர்ப் பட்டியல் விளையாட்டுக் கழகத்திலோ சனசமூக நிலையத்திலோ இருக்கட்டும். மாதர் சங்கத்தை விட்டுவிட வேண்டாம். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கிற கிழவர் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

தண்ணீரூற்று அக்கா:
அதுதான் உண்மை, சேர். கிராம சேவகரிடம் குடும்ப அட்டை இருக்கும், நடக்க முடியாதவர் யார் என்பது அதில் இருக்காது. தண்ணீர் வடிந்த பிறகும் வேலை இருக்கிறது. கிணற்றை இறைத்துக் குளோரின் போடவேண்டும். எலிக்காய்ச்சல் வராமல், சேற்றுக்குள் இறங்குகிறவர்கள் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக் குளிசை எடுக்கவேண்டும். வெள்ளம் என்றால் படகை மட்டும் நினைக்கிறோம்.

முள்ளியவளையான்:
அப்படியென்றால் என் யோசனையைத் திருத்துகிறேன். பட்டியல் கோயிலுக்கு வெளியே. பயிற்சி எல்லாச் சமயத்தாருக்கும். வெளிநாட்டுக் காசு தனிக் கணக்கில், அதில் முதல் செலவு படகுத் திருத்தத்துக்கு. பொங்கலன்று முதலுதவிக் கொட்டிலில் இந்தப் பெடியளையே நிறுத்திப் பழக்கலாம். சனக்கூட்டத்தில் நின்று பழகினால் வெள்ளத்தில் பதற மாட்டார்கள். கமக்கார அண்ணை, இப்போது சம்மதமா?

கண்டாவளைக் கமக்காரன்:
படகுக் காசுக்கு நெல் வெட்டினவுடன் நானும் தருவேன். ஆனால் பயிற்சி தொடங்கும் நாளில் வான்கதவு எச்சரிக்கை எங்களுக்கு எத்தனை மணித்தியாலம் முன்னால் வரும் என்று எழுத்தில் கேட்டு ஒரு கடிதமும் போகவேண்டும். அது போகாவிட்டால் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.

ஒன்ராறியோ பேரன்:
கடிதத்தை எழுதி இங்கே போடுங்கள். நாங்களும் கையெழுத்து வைக்கிறோம்.

கள்ளப்பாட்டுக் கடலோடி:
கடிதம் நல்லது. மண்ணெண்ணெய் எந்தக் கடையில் கடனுக்கு எடுப்பது என்பதையும் மழைக்கு முன்னம் பேசி முடியுங்கள். போனமுறை நடுச்சாமத்தில் கான் தூக்கிக்கொண்டு அலைந்தோம்.