எழுபது அடியா, இருநூறு அடியா: தேசிய வனத்தில் கூடாரம் போடுவது குறித்து

டென்வர்வாசி:
கொலராடோவின் சான் இசபெல் தேசிய வனத்தில், முகாம் மைதானத்துக்கு வெளியே, கட்டணமின்றிக் கூடாரம் போட விரும்பும் புதியவர்களுக்காகப் பைன்மரத்தடி எழுதியிருக்கும் குறிப்பைப் படித்தேன். கழிப்பறை, குழாய்த் தண்ணீர், குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது, பெரும்பாலான வனங்களில் 14 நாள்தான் தங்கலாம் என்பது வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. "ஓடையிலிருந்து எழுபது அடி தள்ளிப் போட்டால் போதும்" என்ற வரிக்கு வந்ததும் காபி புரையேறிவிட்டது. இருநூறு அடி, ஐயா. அந்த வனத்தில் லெட்வில் ஊர்ப் பக்கத்து ஓடைகள் ஆர்கன்சா ஆற்றின் தலைப்பகுதி. அங்கே நீங்கள் கலக்கும் அழுக்கு கான்சாஸ் வரைக்கும் போகும்.

பைன்மரத்தடி:
நான் எழுதியது காலடிக் கணக்கு. சுவடு பதிக்காமல் காட்டில் தங்குவது எப்படி என்று சொல்லித்தருபவர்கள் எல்லோரும் 200 அடி நீளத்தை, வளர்ந்த ஒருவர் எட்டி வைக்கும் 70 அடி என்றுதான் விளக்குகிறார்கள். "எழுபது எட்டு" என்று எழுதினால் எழுபத்தெட்டு என்று படித்துவிடுவார்களே என்றுதான் "அடி" என்று எழுதினேன். படிப்பவருக்குச் சிறிது பொது அறிவு இருக்கும் என்று நம்பியது என் தவறுதான்.

டென்வர்வாசி:
காலடியா? நல்லது. அடுத்த வரியிலேயே, வாகனப் பாதை வரைபடத்தில் புள்ளியிட்டுக் காட்டிய சாலைகளில் "சாலையிலிருந்து 300 அடிக்குள் வண்டியை நிறுத்தலாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் காலடிதானா? உங்கள் கணக்குப்படி 850 அடிக்கு மேல் காட்டுக்குள் புல்லையும் நாற்றையும் நசுக்கிக்கொண்டு ஓட்டிப் போகலாம் என்றாகிறது. ஒரே பத்தியில் ஒரு அடி காலடி, இன்னொரு அடி அளவுகோலடி என்றால், படிப்பவர் ஜோசியரிடம்தான் கேட்க வேண்டும்.

அரிசோனா வெயில்:
இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் நன்றாக இருக்கும். 200 அடி என்பது நல்ல பழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. கட்டாய விதி எதுவென்பதை அந்தந்த வனத்தின் உத்தரவுதான் சொல்லும். 100 அடி என்று கேட்கும் வனங்களும் உண்டு. எங்கள் மாநிலத்தில், விலங்குகளுக்கும் கால்நடைகளுக்கும் அருகில் வேறு தண்ணீர் இல்லாத குட்டையை மறித்துக் கால் மைலுக்குள் தங்குவதே சட்டப்படி குற்றம். அது 1,320 அடி. ஆகவே புறப்படும் முன் அந்தப் பகுதியின் வனச்சரக அலுவலகத்தைக் கேட்பதுதான் நல்லது.

டென்வர்வாசி:
அரிசோனாவில் ஓடை ஓடுவதே அதிசயம். அந்தக் கணக்கு இங்கே எதற்கு? பேச்சு எழுபது அடியைப் பற்றியது. போன ஜூனில் நாடா வைத்து நானே அளந்தேன். என் ஒரு எட்டு இரண்டேகால் அடி. எழுபது எட்டு வைத்தால் 157 அடியும் சொச்சமும்தான் வருகிறது. காலடி என்றே வைத்துக்கொண்டாலும் பைன்மரத்தடியின் கணக்கு தவறு.

நெருப்புக்கோழி:
காலடிக்குத் தமிழில் "தப்படி" என்று ஒரு சொல் இருக்கிறது. அது கிடக்கட்டும். இருநூறு அடி இருநூறு அடி என்று முழங்கும் டென்வர்வாசி, அதே ஜூனில் சாம்பார்க் குண்டானை எங்கே கழுவினார் என்பதையும் சொல்லட்டும். காலையில் பல் துலக்கப் போன நான், ஓடைக் கற்களுக்கு நடுவே கறிவேப்பிலையும் மூன்று முருங்கைக்காய்த் துண்டுகளும் சுழன்றுகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

டென்வர்வாசி:
குண்டானில் தண்ணீர் மொண்டு கூடாரத்துப் பக்கம் கொண்டுவந்து, சக்கையை வடிகட்டிப் பையில் கட்டிய பிறகுதான் நான் கழுவினேன். ஓடையில் இறங்கிக் கழுவியது உங்கள் மைத்துனர். அவர் விருந்தாளி என்பதால் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மரியாதைக்குக் கிடைத்த பலன் இது. நிற்க, இருநூறு அடி.

பைன்மரத்தடி:
குண்டானைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அன்று அடுப்புத் தணலை மண் போட்டு மூடிவிட்டு "அணைந்துவிட்டது, கிளம்பலாம்" என்று அவசரப்படுத்தியவர் யார்? மண்ணுக்கடியில் தணல் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடில்லை என்றால்தான் கிளம்ப வேண்டும். 2011இல் அரிசோனாவில் தொடங்கி 5,38,000 ஏக்கரை எரித்த வாலோ தீ, அணைந்ததாக நினைத்து விட்டுப் போன முகாம் நெருப்பிலிருந்துதான் கிளம்பியது. மிட்டாய்க் காகிதத்தைப் போட்டுப் பார்த்து, அது உருகவில்லை என்பதால் நெருப்பு அணைந்துவிட்டதாக முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டு குடம் தண்ணீரோடு நான் திரும்பி நடந்தது நினைவில்லையா, அண்ணா?

டென்வர்வாசி:
நினைவிருக்கிறது. அந்தத் தண்ணீரை மொள்ள நீங்கள் கூடாரத்திலிருந்து ஓடைக்குப் போக எத்தனை எட்டு வைத்தீர்கள் என்பதும் நினைவிருக்கிறது: நாற்பது. அந்தக் கூடாரத்துக்கு இடம் பார்த்தவர் நீங்கள். அதாவது எழுபது காலடி என்று ஊருக்கு எழுதியவர், தான் மட்டும் நூறு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்த இடத்தில் படுத்திருக்கிறார்.

அரிசோனா வெயில்:
அந்த வனத்தின் உத்தரவு எத்தனை அடி கேட்கிறது என்று இதுவரை யாராவது பார்த்தீர்களா?

பைன்மரத்தடி:
நாற்பது அல்ல, அறுபதுக்கு மேல். இருட்டில் எண்ணியவர் பேச்சை யார் நம்புவது? குறிப்பில் "அடி" என்பதைத் "தப்படி" என்று மாற்றிவிட்டேன். அது தவறாக இருந்ததால் அல்ல, சிலருக்குப் புரியாததால்.

டென்வர்வாசி:
யாருடைய தப்படி? என்னுடையது இரண்டேகால் அடி என்று நாடா சொல்கிறது. இருநூறு என்று எண்ணை எழுதுவதில் உங்களுக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

நெருப்புக்கோழி:
அந்த நாடா என்னுடையது. வாங்கிப்போய் ஒரு வருடமாகிறது. அது 100 அடி நாடா என்பதையும், அன்று நீங்கள் ஒரு தடவைதான் அதை விரித்தீர்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

டென்வர்வாசி:
நாடா சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து சேரும். இரண்டு தடவை விரித்தேன். இருநூறு அடி.