சென்னையிலிருந்து கோவைக்கு ஹயபுசா: டிரெய்லரா, பிக்கப்பா? சைடு ஸ்டாண்டில் கட்டலாமா?

நொய்யல்

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒருவரிடம் 2015 மாடல் ஹயபுசா (சுசுகியின் பெரிய பைக்) வாங்கியிருக்கிறேன். கோவைக்குக் கொண்டுவர வேண்டும். ஓட்டிக்கொண்டு வர வழியில்லை. இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. பின் டயரின் பக்கவாட்டில் 2315 என்று அச்சு இருக்கிறது, அதாவது 2015-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்த டயர். நகத்தால் கீறினால் வெடிப்புக்குள் நகம் இறங்குகிறது.

கையில் இரண்டு வழி. மச்சானிடம் ஸ்கார்ப்பியோவும், வெல்டிங் பட்டறையில் செய்த ஒற்றை ஆக்சில் டிரெய்லரும் இருக்கின்றன. இல்லையென்றால் பொலேரோ பிக்கப் வாடகைக்குப் பேச வேண்டும். குட்டி யானையும் பார்த்தேன். அதன் தட்டு ஏறக்குறைய ஏழடி, ஹயபுசா 2,190 மில்லிமீட்டர். பின்கதவை மூடினால் டயர் இடிக்கும்.

எது நல்லது, எப்படிக் கட்டுவது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். இத்தனை கனமான வண்டியை நான் ஏற்றியதே இல்லை. விற்றவர் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்.

சேலம் செட்டு

தம்பி, பிக்கப்பே போதும். லாரி செட்டில் 22 வருடமாக இருக்கிறேன். புல்லட்டிலிருந்து பெரிய பைக் வரை எத்தனையோ ஏற்றி அனுப்பியாயிற்று. சைடு ஸ்டாண்டில் நிறுத்து. ஸ்டாண்டுக்குக் கீழே பழைய டயர்த் துண்டு ஒன்று வை. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று, மூன்று கயிறு. கயிறு படும் இடத்தில் சாக்கு மடித்து வைத்துவிடு. முடிச்சு சரியாக விழுந்தால் கன்னியாகுமரி வரை அசையாது.

டிரெய்லர் மட்டும் வேண்டவே வேண்டாம். பட்டறையில் செய்ததில் பிரேக் இருக்காது, பின்விளக்கு ஒழுங்காக எரியாது. டிரெய்லருக்கும் தனியாகப் பதிவு வேண்டும், அதைப் பலர் செய்வதில்லை. செக்போஸ்ட்டில் நிறுத்தினால் அன்றைய பொழுது போச்சு.

ட்ராக் டே

அண்ணன் டிரெய்லர் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். சைடு ஸ்டாண்டை மட்டும் ஏற்கவே முடியாது. நான் பட்டவன், அதனால் சொல்கிறேன்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கு என் வண்டியை ஒருமுறை மினி லாரியில் அனுப்பினேன். சைடு ஸ்டாண்டு, நைலான் கயிறு, மூன்று கட்டு, அண்ணன் சொன்ன அதே முறைதான். நான் பின்னாலேயே காரில் வந்தேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு வேகத்தடை. லாரி ஏறி இறங்கியபோது பைக்கின் முன்பக்கம் அமுங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அது அமுங்கிய கணத்தில் வலப்பக்கக் கயிறு தொய்ந்து, திரும்ப எழும்பும்போது முடிச்சு ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. அடுத்த வேகத்தடையில் இன்னும் கொஞ்சம். மூன்றாவதில் பைக் ஸ்டாண்டைத் தாண்டி இடப்பக்கம் சாய்ந்து, டேங்க் நேராகப் பக்கப் பலகையின் இரும்புப் பட்டையில் போய் மோதியது. உள்ளங்கை அளவு பள்ளம். பைக்கை இறக்கிப் பார்த்தபோதுதான் பிரேமில் ஸ்டாண்டு மாட்டும் காதும் விரிசல் விட்டிருந்தது தெரிந்தது.

பைக்கை நேராக நிறுத்தி, முன்சக்கரத்தை வீல் சாக்கில் (சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தாங்கி) கவ்வ வைத்து, நாலு ராட்செட் பெல்ட் (பல் சக்கரப் பிடியால் இறுக்கும் நாடா) போடுங்கள். ஸ்டாண்டு மடங்கியே இருக்கட்டும்.

சேலம் செட்டு

உங்கள் வண்டிக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் தவறு ஸ்டாண்டில் இல்லை, கட்டியவன் கையில். நைலான் கயிறு இழுபடும், புதுக் கயிறு இன்னும் அதிகமாக இழுபடும். அதனால்தான் நாங்கள் 20 கிலோமீட்டர் போனதும் வண்டியை ஓரங்கட்டி ஒருமுறை இறுக்குவோம். உங்கள் டிரைவர் செய்தாரா?

இன்னொன்று. நேராக நிறுத்திய பைக்கில் ஒரு பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்? அப்படியே மறுபக்கம் விழும், தாங்க எதுவுமில்லை. ஸ்டாண்டில் நின்றால் அந்தப் பக்கம் ஒரு கால் இருக்கிறது. ஆபத்துக்கு அது உதவும்.

ட்ராக் டே

இல்லை, அண்ணே. டிரைவர் எங்கேயும் நிறுத்தவில்லை. அது உண்மை.

ஆனால் அந்தக் கால் எதைத் தாங்கச் செய்தது என்று பாருங்கள். நிறுத்திய பைக்கின் எடையில் பெரும்பகுதி இரண்டு டயரிலும் இறங்குகிறது. சாய்ந்த பங்கு மட்டும்தான் ஸ்டாண்டில். மேலிருந்து கயிறு போட்டு இறுக்கினால் அந்த இழுவையில் ஒரு பங்கு, சாய்ந்த பக்கமாகப் போய் அந்த ஒரே ஒரு போல்ட்டில் உட்காருகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குத்து. 500 கிலோமீட்டருக்கு எத்தனை குத்து?

நேராக நிறுத்தினால் அறுந்த பெல்ட்டின் வேலையை மீதி மூன்றும் சக்கரத்தைக் கவ்வியிருக்கும் சாக்கும் எடுத்துக்கொள்ளும். சாக் இல்லாமல் நேராக நிறுத்துவது ஆபத்து, அதில் அண்ணன் சொல்வது சரி.

யாரா நதி

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். இங்கே வாரக்கடைசியில் டிரெய்லரில் பைக் ஏற்றிப் போவது சாதாரண விஷயம், நானும் ஏழெட்டு வருடமாகச் செய்கிறேன்.

இங்கே சரக்குக் கட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. பிரேக் போடும்போது முன்னோக்கி எடையில் 0.8 பங்கு விசையைத் தாங்க வேண்டும். பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கு. ஹயபுசா ஏறக்குறைய 266 கிலோ. அப்படியானால் அவசர பிரேக்கில் 213 கிலோ முன்னால் பாயும், வளைவிலும் திடீர்த் திருப்பத்திலும் 133 கிலோ பக்கத்தில் தள்ளும். மூன்று கயிற்றில் ஒன்று மட்டும் பின்னால் என்றால், அந்த 213 கிலோவை அந்த ஒற்றைக் கயிறு இழுத்துப் பிடிக்க வேண்டும். முன் பெல்ட்டுகள் முன்னாலும் கீழாகவும் இழுக்கின்றன, பிரேக்கில் அவற்றால் பயன் குறைவு. பலர் முன்பக்கத்தை மட்டும் இறுக்கக் கட்டிவிட்டுப் பின்பக்கத்தைக் கடமைக்குக் கட்டுவது இதனால்தான் தவறு.

பெல்ட்டின் லேபிளில் இரண்டு எண் இருக்கும். பெரியது அறும் பாரம், சிறியது வேலைப் பாரம், அதாவது நம்பி ஏற்றக்கூடிய அளவு. கடைக்காரர் பெரிய எண்ணைக் காட்டி விற்பார், நீங்கள் சிறியதைப் பார்த்து வாங்குங்கள். லேபிளே இல்லாத பெல்ட் வேண்டாம்.

டிரெய்லரை ஒரேயடியாக ஒதுக்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தட்டு தாழ்வாக இருப்பதால் ஏற்றுவது பத்து மடங்கு சுலபம். இங்கே மொத்தம் 750 கிலோவுக்குள் இருந்தால் டிரெய்லருக்குத் தனி பிரேக்கே கேட்பதில்லை. முக்கியமானது கொண்டியில், அதாவது டிரெய்லரைக் காரோடு கோர்க்கும் இடத்தில், இறங்கும் எடை. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொண்டியின் மேல் இருக்க வேண்டும். பைக்கைப் பின்னால் தள்ளி நிறுத்தி அந்த எடை குறைந்தால் 80 கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டத் தொடங்கும். வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசைக் கொண்டிக்குக் கீழே வைத்தே அளந்துவிடலாம்.

சேலம் செட்டு

ஐயா, உங்கள் ஊர் ரோடு வேறு, எங்கள் ரோடு வேறு. வாலாடினால் என்ன செய்வது என்று தம்பிக்குத் தெரியுமா? பழக்கமில்லாதவன் பயத்தில் பிரேக்கை மிதிப்பான். அதுதான் கவிழ்க்கும். முதல்முறை டிரெய்லர் இழுக்கிறவன் 500 கிலோமீட்டர் இழுக்கக் கூடாது.

யாரா நதி

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, தானாக வேகம் குறைய விட வேண்டும். ஆனால் முதல்முறை என்று நீங்கள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் முதலில் 15 கிலோமீட்டர் தூரம்தான் இழுத்தேன்.

ஈசிஆர் ஆறு மணி

இன்சூரன்ஸ் ஆன்லைனில் அரை மணி நேரம். டயர் ஒரு ஜோடி எப்படியும் மாற்றத்தானே போகிறீர்கள், சென்னையிலேயே மாற்றி ஓட்டிக்கொண்டு போங்கள். ஹயபுசாவை லாரியில் ஏற்றுவதைப் பார்க்கவே மனசு வலிக்கிறது.

நொய்யல்

எனக்கும் ஆசைதான். ஒன்றரை வருடம் ஓடாமல் நின்ற வண்டி. பிரேக் ஆயில் காப்பி நிறத்தில் இருக்கிறது. அதை நம்பி நெடுஞ்சாலையில் ஏற மாட்டேன்.

ஃபோர்க் ஆயில்

கோவையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பெல்ட் போடச் சொல்பவர்கள் எல்லோரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ராட்செட் கையில் கிடைத்ததும் கிர்ர் கிர்ர் என்று ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் குழாய்கள்) அடிவரை அமுங்கும் மட்டும் இழுத்துவிடுகிறார்கள். பத்து மணி நேரம் அப்படியே அழுத்தியிருந்தால், உள்ளே இருக்கும் ஆயிலை அடைத்து வைக்கும் ரப்பர் சீல் வழியாக அது கசியும். அப்படி வந்த வண்டிகளுக்குச் சீல் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் செட்டுக்காரர் கயிறு பரவாயில்லை, அந்த அளவுக்கு இழுக்காது.

ட்ராக் டே

அண்ணே, ஓட்டும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஃபோர்க் உள்ளே வரும் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு. அதைத் தாங்கும் சீல், நின்ற இடத்தில் அமுங்கியதற்கா போகும்? உங்களிடம் வந்த சீல்கள் ஏற்கெனவே காய்ந்திருக்கும். நின்றுபோன வண்டியில் ஃபோர்க் குழாயில் துருப்புள்ளி வந்துவிடும், அது சீலைக் கிழிக்கும். அடிவரை அமுக்கக் கூடாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், காரணம் சீல் இல்லை. அடியில் முட்டி நின்றால் அடுத்த குலுக்கல் முழுக்க பெல்ட்டிலும் கொக்கியிலும் விழும்.

பாதி அமுங்கினால் போதும். அதற்குக் குறைந்தால் பள்ளத்தில் பெல்ட் தொய்ந்து கொக்கி கழன்றுவிடும். என் வண்டியில் கயிறு தொய்ந்து முடிச்சு நகர்ந்ததும் இப்படித்தான்.

ஃபோர்க் ஆயில்

ஓட்டும்போது அந்த அழுத்தம் வருவது கண்ணிமைக்கும் நேரம். பத்து மணி நேரம் தொடர்ந்து நிற்பது வேறு. மட்கார்டு உயரத்தில் இருக்கும் மண்பாதை பைக்குகளில் பாதிக்கு மேல் போகாமல் இருக்க முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மரக்கட்டை வைப்பார்கள். ஆனால் ஹயபுசாவில் மட்கார்டு சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும், கட்டை வைத்துப் பயனில்லை. கையளவில்தான் பார்க்க வேண்டும்.

எங்கே கட்டுவது என்பதும் முக்கியம். ஹேண்டில்பாரில் கட்டாதீர்கள், வளைந்துவிடும். ஃபோர்க் குழாய் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்த் தகடு, ஒர்க்‌ஷாப்பில் கீழ் டி என்போம், அதைச் சுற்றி சாஃப்ட் லூப் (மெத்தென்ற நாடா வளையம்) போட்டு வெளியே எடுத்து அதில் கொக்கியை மாட்டுங்கள். ஹயபுசாவில் ஃபேரிங் (வண்டியை மூடும் பிளாஸ்டிக் உறை) குறுக்கே வரும். லூப் ஃபேரிங்கில் உரசாமல் வெளியே வருகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உரசினால் நூறு கிலோமீட்டரில் பெயிண்ட் போய்விடும், பிறகு பிளாஸ்டிக். பிரேக் ஹோஸையும் வயரையும் சேர்த்து லூப்புக்குள் நெரித்துவிடாதீர்கள்.

சேலம் செட்டு

பெல்ட்தான் என்று முடிவு செய்துவிட்டால் நான் சொல்வதையும் கேள், தம்பி. பிக்கப் பாடியில் வெளியே தொங்கும் கயிற்றுக் கொக்கி இருக்கிறதே, அது கயிற்றுக்கு. ராட்செட் பெல்ட்டின் கொக்கி அதில் முழுதாக உட்காராது, விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும். பலகையோடு வெல்டு செய்த மெல்லிய கம்பியிலும் மாட்டாதே. தட்டின் நாலு மூலையிலும் சேஸிஸோடு சேர்ந்த வளையம் இருக்கும் வண்டியாகப் பார்த்துப் பேசு. இல்லையென்றால் வண்டிக்காரரிடம் சொல்லி முன்கூட்டியே போட்டுவிடு.

ஏற்றும் இடம் அதைவிட முக்கியம். செங்குத்தாகப் போட்ட பலகையில் ஏற்றினால் உச்சியில் அடிவயிறு இடிக்கும், இந்த வண்டிக்குத் தரையிலிருந்து ஐந்து அங்குலம்கூட இல்லை. பிக்கப்பைப் பள்ளத்தில் இறக்கி, மேட்டிலிருந்து பலகை போடு. பலகையைத் தட்டோடு கட்டாமல் சக்கரத்தை வைக்காதே. ஏறும்போது பின்னால் உதைத்து நழுவும். மூன்று பேர் வேண்டும், யாரும் மேலே உட்கார்ந்து ஓட்டி ஏற்றக் கூடாது.

தொப்பூர் இறக்கம் வேண்டாம். உளுந்தூர்பேட்டையில் திரும்பி ஆத்தூர், வாழப்பாடி வழியாக சேலம் வா.

நொய்யல்

பிக்கப்பே பேசிவிட்டேன். ஒரு வீல் சாக், நாலு ராட்செட், நாலு சாஃப்ட் லூப் வாங்கியாயிற்று. விற்றவரிடம் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிட்டேன், ஆர்சியும் டெலிவரி கடிதமும் கையோடு வரும். வெள்ளிக்கிழமை இரவு கிளம்புகிறோம்.

நொய்யல்

வந்து சேர்ந்தோம். வண்டிக்கு ஒரு கீறல் இல்லை.

முன் பெல்ட் கீழ் டியில், பின் பெல்ட் பின்சீட்டுக் கால்மிதி மாட்டும் பிராக்கெட்டில். ஃபோர்க் பாதி அமுங்கும் வரை இழுத்தேன். செங்கல்பட்டு தாண்டி முதல்முறை நிறுத்திப் பார்த்தபோது பின்பக்க வலது பெல்ட் மட்டும் தொய்ந்திருந்தது, ராட்செட் மூன்று பல் இழுத்தது.  உளுந்தூர்பேட்டையில் பார்த்தேன், ஒன்றுமில்லை. அப்புறம் பெல்ட் காற்றில் அடித்து ஹூம் என்று ஒரு சத்தம். டிரைவர் அண்ணன் இறங்கி ஒவ்வொரு பெல்ட்டிலும் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினார், நின்றுவிட்டது.

ஆத்தூர் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்து பிரேக் போட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். பைக் இம்மியும் நகரவில்லை.

படங்கள் இணைத்திருக்கிறேன்.

ஃபோர்க் ஆயில்

சந்தோஷம். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது ஃபோர்க்கில் சீலுக்குக் கீழே ஈரமாக ஒரு வளையம் தெரிகிறது.

ட்ராக் டே

விற்றவர் எடுத்த படம் முதல் பதிவிலேயே இருக்கிறதே. அதிலும் அதே இடத்தில் தூசி படிந்து கறுப்பாக வளையம் இருக்கிறது. பழைய கசிவு.

ஃபோர்க் ஆயில்

தூசி படிந்தது பழையது. இது பளபளக்கிறது. நொய்யல், இரண்டு ஃபோர்க்கையும் துணியால் சுத்தமாகத் துடைத்து விடுங்கள். பத்து நாள் அசைக்காமல் நிறுத்தி, பிறகு பத்து முறை அமுக்கிப் பாருங்கள்.

நொய்யல்

இப்போதுதான் துடைத்தேன். 10 நாள் கழித்துப் படம் போடுகிறேன்.