மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகுகிறது: சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை

காவிரிக்கரை:
வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் தாத்தா 1936-இல் கட்டிய வீடு. தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் அச்சுக்கல் (சிறிய மெல்லிய செங்கல்), சுண்ணாம்பு ஜல்லி (சுண்ணாம்பு கலந்த செங்கல் துண்டுகள்), எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு (தட்டையான ஓடு). நான்கு ஆண்டுகளுக்கு முன் கூடத்தில் ஓதம் தெரிந்தது. ஒப்பந்ததாரர் ஒருவர் தட்டோட்டின் மேல் சிமெண்ட் கலவை பூசி, அதன் மேல் நீர்காப்புப் பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். முதல் மழைக்காலம் தப்பித்தோம். போன ஐப்பசியில் ஊஞ்சலுக்கு நேர் மேலே சொட்டத் தொடங்கியது. மழை தொடங்கிய அன்று சொட்டுவதில்லை. மறுநாள்தான் ஆரம்பிக்கிறது, மழை விட்ட பிறகும் இரண்டு நாள் நிற்பதில்லை. அம்மா அண்டாவை வைத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்தார். இப்போது ஆடி பிறந்துவிட்டது. அடுத்த மழைக்குள் என்ன செய்யலாம்?

தெற்குவீதி:
கூரையைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். மரத்தை எத்தனை நாள் காப்பாற்ற முடியும்?

பழைய பொறியாளர்:
தம்பி, அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பியது. அது காங்கிரீட் தளத்தின் பாரத்தைத் தாங்குமா என்று பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது.

மறுநாள் சொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நோய் அதிலேயே தெரிகிறது. சுண்ணாம்பு ஜல்லி ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி மயிரிழை வெடிப்பு விடுகிறது. அந்த வெடிப்பு வழியே நீர் இறங்கிவிடும், ஆனால் மேலே பூச்சும் பெயிண்டும் மூடியிருப்பதால் ஆவியாகி வெளியேற வழியில்லை. ஜல்லி நனைந்த பஞ்சு மாதிரி நீரை வைத்துக்கொண்டு கீழே விடுகிறது. இன்னொரு பூச்சு பூசினால் நோய் முற்றும்.

சொட்டும் இடமும் நீர் புகும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. மாடியில் மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். வெற்றொலி வரும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மாடியின் மழைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய், இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். மாடி முழுவதும் தண்ணீர் தேக்கிச் சோதிக்கச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓர் அங்குலத் தண்ணீரே சதுர மீட்டருக்கு 25 கிலோ. பழைய கட்டைக்கு அது வேண்டாத பாரம். ஈரச் சாக்கைப் பகுதி பகுதியாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனைகள். உளுத்துப்போவது அங்கேதான். திருப்புளியால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தக் கட்டைக்குக் கீழே இன்றே முட்டுக் கொடுங்கள். அதுவரை ஊஞ்சலில் யாரும் உட்கார வேண்டாம்.

காவிரிக்கரை:
ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். ஊஞ்சலுக்கு மேலே தளம் கெட்டியாக இருக்கிறது. அங்கிருந்து ஐந்தடி தள்ளி, மேற்குக் கைப்பிடிச் சுவரின் அடியில் வெற்றொலி. அங்கேயே ஓர் அரசங்கன்று. ஒவ்வோர் ஆண்டும் வெட்டிவிடுகிறோம், மறுபடி துளிர்க்கிறது. சாக்குப் போட்ட இரண்டாம் நாள் ஊஞ்சலுக்கு மேலே ஈரம் வந்துவிட்டது! கட்டை முனைகளில் ஒன்று மெத்தென்று இருக்கிறது. முட்டுக் கொடுத்துவிட்டேன்.

காரைக்குடி அக்கா:
தம்பி, அரசை வெட்டினால் போகாது, வேர் சுவருக்குள் இருக்கிறது. வேர் போன வழியே நாலு வரிசைக் கல்லைப் பிரித்து, முழுதாக எடுத்த பிறகு சுண்ணாம்புச் சாந்திலேயே திரும்பக் கட்டச் சொல்லுங்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். சுண்ணாம்பை நன்றாகத் தாளித்து, அதாவது தண்ணீர் விட்டு நீற்றி, ஊறவிட்டு, சலித்துத்தான் சேர்க்க வேண்டும். தாளிக்காத கட்டி உள்ளே போனால் பின்னால் பொரிந்து தளத்தைத் தூக்கிவிடும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் தட்டுவார்கள். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். என் பிறந்த வீட்டில் ஆச்சி பக்கத்திலேயே உட்கார்ந்து, கட்டை பட்டுத் தெறிக்கும் ஓசை மாறும்வரை தட்டச் சொல்வார்.

பழைய பொறியாளர்:
அக்கா சொன்னது சரி. 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு தாளித்த சுண்ணாம்பு, மணல் வேண்டாம். இது பொதுப்பணித் துறையில் நாங்கள் பின்பற்றிய அளவு. வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, பத்தடிக்கு இரண்டு அங்குலம் இருக்கட்டும். சிமெண்டைக் கொத்தினால் கீழே உள்ள தட்டோடும் உடையும். வருந்தாதீர்கள், புதிதாகப் பதித்துக்கொள்ளலாம். உளுத்த முனையை வெட்டிவிட்டுப் புதுத் தேக்கைச் சேர்த்து, இருபுறமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்குங்கள். அந்த முனையைச் சுற்றிச் சாந்து அடைக்காமல் காற்றுப்போக விரலளவு இடம் விடுங்கள்.

காவிரிக்கரை:
புரட்டாசி மூன்றாம் வாரம் வேலை முடிந்தது. மேற்குப் பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு அடி மட்டும் பிரித்தோம். அரச வேர் என் மணிக்கட்டுப் பருமன், கைப்பிடிச் சுவருக்குள்ளேயே ஆறடி ஓடியிருந்தது. கட்டையில் ஒரு சாண் நீளம் உளுத்திருந்தது, மற்றவை இரும்புபோல் இருக்கின்றன. ஐந்து நாள் தட்டினார்கள். நேற்றும் முன்தினமும் நல்ல மழை. ஊஞ்சலுக்கு மேலே காய்ந்தே கிடக்கிறது, அம்மா அண்டாவைப் பரணில் ஏற்றிவிட்டார். ஆனால் தண்ணீர்க் குழாயின் வாய்க்கு நேர் கீழே, சுவரில் உள்ளங்கை அகலம் ஈரம். அது எதனால், ஐயா?

பழைய பொறியாளர்:
குழாயின் விளிம்பு தளத்தைவிட இரண்டு நூல் (கால் அங்குலம்) உயர்ந்திருக்கும். நீர் அதில் ஏறாமல் பின்தங்கிச் சுவரோரம் இறங்குகிறது. நான்கு நாள் வெயில் கிடைத்ததும் வாயைச் சுற்றி ஓர் அடிச் சதுரத்தைப் பெயர்த்து, அரை அங்குலம் பள்ளமாக்கிப் பதிக்கச் சொல்லுங்கள். அதுவரை குழாயில் இலை அடைக்காமல் தினமும் ஒருமுறை மாடிக்குப் போய்ப் பாருங்கள்.